மார்கழி விடுமுறையும் கைத்தொலைபேசிப் பாடங்களும்

இடம்பெயர்ந்து செல்லும் ஒரு குடும்பம் கையில் எடுக்கும் பொருள்களில் பாடநூலுக்கு இடம் கிடைப்பது அரிது. அடையாள அட்டை, காணி உறுதி, உடுபுடவை, சிறிது அரிசி என்பவற்றோடு பை நிறைந்துவிடுகிறது. பிள்ளை புதிய பாடசாலையில் சேர்கின்றபோது பாதிப் பாடங்கள் முடிந்துவிடுகின்றன. விட்டுப்போன பாடத்தை மீட்டுக்கொடுக்க எவருக்கும் நேரமில்லை.

இந்த இழப்பு தரம் 6 முதல் 9 வரையுள்ள பிள்ளைகளையே அதிகம் தாக்குகிறது. பின்னம், சதவீதம், அட்சரகணிதம் ஆகியவை இந்த நான்கு ஆண்டுகளில்தான் ஊன்றப்படுகின்றன. இங்கே ஓர் இடைவெளி விழுந்தால், சாதாரண தரத்துக்கு வரும்போது பிள்ளை தடுமாறுகிறது. பின்னர் "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லி வயலோடும் கூலி வேலையோடும் நின்றுவிடுகிறது. மார்கழி விடுமுறை இந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ள ஏற்ற காலம். அதற்கு உதவும் பொருள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

எங்கே, என்ன இருக்கிறது?

நம் நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1980இல் இலவசப் பாடநூலும் வந்தது. அந்த நூல்களை அச்சிடும் கல்வி வெளியீட்டுத் திணைக்களம், அவற்றைத் தன் இணையத்தளத்திலும் வைத்திருக்கிறது. மொழி, தரம், பாடம் ஆகியவற்றைத் தெரிவுசெய்தால் நூலை அத்தியாயம் அத்தியாயமாக இறக்கிக்கொள்ளலாம். வெள்ளத்திலோ ஓட்டத்திலோ தொலைந்த நூல் இவ்வாறு திரும்பக் கிடைக்கிறது.

கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளத்தில் மும்மொழிகளிலும் பாடங்களும் பயிற்சிகளும் உள்ளன. பண்டைய தட்சசீலக் கல்விக்கூடத்தின் பெயரே அதற்கு இடப்பட்டுள்ளது. மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் ஆசிரியர் வழிகாட்டிகள் கிடைக்கின்றன. ஊரிலுள்ள உயர்தர மாணவி ஒருத்தி சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க முன்வந்தால், அவருக்கு இவை நல்ல துணை.

விஞ்ஞானத்துக்கு 'பெற்' என்னும் செயல்முறைப் படங்கள் உண்டு. நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ல் வீமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் இதைத் தொடக்கினார். மின்கலத்தையும் மின்குமிழையும் திரையிலே இணைத்து, குமிழ் எரிகிறதா என்று பிள்ளை தானே சோதித்துப் பார்க்கலாம். இவற்றுட் சில தமிழிலும் உள்ளன. வாசிப்புக்கு, 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் உண்டு. ஈழத்துத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் அங்கே சேர்த்துவைக்கப்பட்டுள்ளன.

ஒருமுறை இறக்கினால் போதும்

"டேட்டாவுக்குக் காசு எங்கே?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. 2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, சமிக்ஞை தேடி மலையிலும் மரத்திலும் ஏறிய பிள்ளைகளை நாடே பார்த்தது. நேரடி வகுப்புக்கு அந்த நேரத்தில் இணைப்பு இருந்தே ஆகவேண்டும். இறக்கிவைத்த பாடத்துக்கு அது தேவையில்லை. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் செலவு பெரிதும் குறையும்.

ஒரு மணி நேரக் காணொளிக்குச் சில நூறு மெகாபைட் செலவாகும். பாடநூலின் ஓர் அத்தியாயத்துக்கு அதில் சிறு பங்கே போதும். பெற் படங்களையும் இறக்கிவைத்தால் இணைப்பின்றியே இயக்கலாம். ஆகவே முதலில் நூல், பின்னர் செயல்முறைப் படம், மிகவும் தேவையானால் மாத்திரம் காணொளி என்ற ஒழுங்கு நன்று.

பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் இன்னும் இலகு. சமிக்ஞை உள்ள இடத்தில் ஒருவர் இறக்கட்டும். அங்கிருந்து புளூடூத் மூலமோ மெமரி கார்ட் மூலமோ மற்றத் தொலைபேசிகளுக்கு மாற்றலாம். இதற்கு டேட்டா செலவாகாது. விதைநெல்லைக் கைமாற்றும் நமக்கு இது புதிய பழக்கமல்ல.

திரையிலிருந்து முற்றத்துக்கு

தொலைபேசி ஆசிரியராகிவிடாது. பார்த்தது கொப்பியில் எழுதப்படவேண்டும். எழுதியது வாழ்க்கையோடு இணையவேண்டும். குளிர்நாடுகளின் ஆசிரியர்கள் இந்த விடுமுறைக்கென்று பனியையும் பனிமனிதனையும் வைத்துப் பாடங்கள் தயாரித்து இணையத்தில் இடுகிறார்கள். தம் பிள்ளைகள் கண்ணால் காண்பதிலிருந்து அவர்கள் தொடங்குகிறார்கள். நாமும் அப்படியே செய்யலாம். நமக்கு மார்கழியில் இருப்பது மாரி மழை.

நேரான பக்கங்களைக் கொண்ட தகரப்பேணி ஒன்றை மரநிழல் படாத வெளியில் வையுங்கள். நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில், சேர்ந்த நீரின் உயரத்தைப் பிள்ளை அடிமட்டத்தால் அளந்து எழுதிவிட்டு, நீரைக் கொட்டட்டும். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 1 லீற்றர் நீர். யாழ்ப்பாணக் கணக்கில் ஓர் ஏக்கருக்கு 16 பரப்பு. ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அப்படியானால் 10 மில்லிமீற்றர் மழையில் ஒரு பரப்புக்கு 2,530 லீற்றரும் ஓர் ஏக்கருக்கு 40,000 லீற்றருக்கு மேலும் கிடைக்கிறது. ஆயிரம் லீற்றர் தாங்கிகள் நாற்பது!

பரப்பளவு, கனவளவு, அலகு மாற்றம், வரைபு ஆகிய நான்கு பாடங்களும் இந்தப் பேணிக்குள் இருக்கின்றன. கணக்கு இடறினால் பிள்ளை இறக்கிவைத்த நூலில் அந்த அத்தியாயத்தைத் திருப்பிப் பார்க்கும். இன்னொன்றும் நடக்கும். எத்தனை மழைக்கு வாய்க்கால் ஓடும், எப்போது பயிர் அழுகும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். காணி இன்று கையில் இல்லாவிட்டாலும் அந்த அறிவு உங்களிடம் இருக்கிறது. பிள்ளை உங்களிடம் கேட்கும், நீங்களும் ஆசிரியராவீர்கள்.

மழை விட்ட இரவில் கிழக்கு வானைக் காட்டுங்கள். வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களைக் கொண்டது ஓரியன் கூட்டம். அதிலே செந்நிறமாக ஒளிர்வதுதான் நம் திருவாதிரை. டிசம்பர் 13, 14ஆம் திகதி இரவுகளில் எரிவெள்ளிகளையும் எண்ணலாம்.

பெற்றோர் செய்யக்கூடியவை

1. நாளுக்கு ஒரு பாடம், அரை மணி நேரத் திரை, ஒரு மணி நேரக் கொப்பி வேலை என்று வரையறுங்கள்.

2. தொலைபேசியைப் பலர் இருக்கும் இடத்தில் வைத்தே பார்க்கவிடுங்கள். கடவுச்சொல்லையும் குறுஞ்செய்தியில் வரும் இரகசிய எண்ணையும் எவருக்கும் கொடுக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். இணையத்தில் யாராவது பிள்ளையைத் தொந்தரவு செய்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

3. உங்களுக்கு எழுத்து வாசனை குறைவாயினும், "இன்று படித்ததை எனக்குச் சொல்லு" என்று நாள்தோறும் கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் பிள்ளைக்கு விளங்கியிருக்கிறது. சொல்லத் தெரியாவிட்டால் அந்தப் பாடத்தை நாளை மறுபடி பார்க்கவேண்டும்.

4. பெண்பிள்ளைக்கும் தொலைபேசியில் சம பங்கு கொடுங்கள். சமையலும் தம்பி தங்கையரும் அவளுடைய விடுமுறையை முழுவதுமாக எடுத்துவிடக் கூடாது.

விடுமுறை முடிந்து பாடசாலை திறக்கும் நாளில் பிள்ளையின் கையில் மழைக் கணக்குக் கொப்பி ஒன்று இருக்கட்டும். அதை வகுப்பாசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். பிள்ளை எந்தப் பாடத்தில் நிற்கிறது, எங்கிருந்து தொடரவேண்டும் என்பதை அவர் அதிலிருந்தே அறிந்துகொள்வார்.