இலங்கையில் பஸ் கட்டணம்

பழனிக்கும் உடுமலைப்பேட்டைக்கும் இடையே கரும்புக்கும் வெல்லத்துக்கும் பெயர்போன ஊர் நெய்க்காரப்பட்டி. அங்கிருந்து கதிர்காம யாத்திரை செல்ல விரும்பும் குடும்பத்தார் விமானச் செலவை விசாரிக்கிறார்கள்; தங்குமிடத்தை விசாரிக்கிறார்கள். இறங்கிய பின் உள்ளூர் பஸ்ஸில் எப்படிக் காசு கொடுப்பது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. "அங்கேயும் ரூபாய்தானே!" என்று தைரியமாகக் கிளம்பிவிடுகிறார்கள்.

ரூபாய்தான், சந்தேகமில்லை. ஆனால் பெயர் ஒன்று, மதிப்பு வேறு. நமது ஒரு ரூபாய்க்கு அண்மைக் காலத்தில் ஏறக்குறைய மூன்றரை இலங்கை ரூபாய் கிடைத்து வருகிறது. ஆகவே கண்டக்டர் நூறு ரூபாய் கேட்டால் நேயர்கள் திடுக்கிட வேண்டியதில்லை. நம் பணத்தில் அது முப்பதைத் தாண்டாது. இரு கரையிலும் ஒரே வெள்ளி ரூபாய் செலாவணியாக இருந்த நாட்களிலுங்கூட இந்தக் கணக்குத் தொல்லை இருந்தது. 1872 முதல் இலங்கையில் ரூபாய்க்கு நூறு சதம். நமக்கோ 1957 வரையில் பதினாறு அணா. அணாவுக்கு ஆறே கால் சதம் என்று நம் முன்னோர் விரல்விட்டு எண்ணியிருப்பார்கள்.

பஸ்ஸில் ஏறியதும் இறங்குமிடத்தைச் சொன்னால் கண்டக்டர் தொகையைச் சொல்வார். இருபது, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்கள் கையில் இருப்பது உத்தமம். ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் அவர் முகம் போகும் போக்கைப் பற்றி நாம் எழுத வேண்டியதில்லை! கைப்பேசியால் பணம் செலுத்தும் நமது முறை 2024-இல் இலங்கைக் கடைகள் சிலவற்றுக்குச் சென்றது உண்மையே. அதை நம்பிச் சில்லறையின்றி பஸ் ஏறலாகாது. சிவப்பு வர்ணமுள்ளவை அரசாங்க பஸ்கள். தனியார் கம்பெனிகளிடமிருந்து 1958 ஜனவரி முதல் தேதியன்று அரசாங்கம் ஏற்ற போக்குவரத்துச் சபையின் வழி வந்தவை. பிற்காலத்தில் தனியார் பஸ்களும் மீண்டும் ஓடத் தொடங்கின. இவை சிலவற்றில் சீட்டைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பாக்கிச் சில்லறையை அங்குள்ள தமிழர் 'மிகுதிப் பணம்' என்பார்கள்; நல்ல சொல். நம் பெண்மணிகள் 2021 முதல் நகரப் பஸ்களில் கட்டணமின்றிச் சென்று பழகியவர்கள். அச்சலுகை அங்கே இல்லை.

ரயிலுக்கு 'புகையிரதம்' என்று பெயர். ஜன்னலில் சீட்டு வாங்கி ஏறுவது நம் வழக்கம் போலவேதான். ஆனால் இறங்குமிடத்தில் வாயிலண்டை நிற்கும் உத்தியோகஸ்தரிடம் அந்தச் சீட்டைக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டும். ஆதலால் வழியில் கசக்கி எறிந்துவிடக் கூடாது.

இந்தச் சிறு சீட்டைப் பற்றி இத்தனை விஸ்தாரமாக நாம் பேசுவதற்குக் காரணம் உண்டு. மதுரை, திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் ஏழை ஜனங்கள் கையில் காசு கொடுத்து அத்தீவில் பிரயாணம் செய்தவர்கள் அல்லர். (பழனித் தாலுகா அக்காலத்தில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்ததே.) இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தகர வில்லை தரப்பட்டது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிய அந்த வில்லையைக் காட்டினால் ரயிலில் ஏற்றுவார்கள், சோறு போடுவார்கள். ஒரு சல்லி கேட்கமாட்டார்கள். கேளாததன் இரகசியம் தோட்டம் போய்ச் சேர்ந்த பின்பே தெரியவரும். வழிச்செலவு முழுவதும் தோட்டத்தின் பேரிலும், தோட்டத்திலிருந்து கங்காணியின் பேரிலும், கங்காணியிடமிருந்து கூலியாளின் பேரிலும் பற்றெழுதப்பட்டிருக்கும். கொழுந்தில் கை வைப்பதற்கு முன்பே அவன் கடனாளி! ஆளோடு அவன் கடனையும் மற்றொரு தோட்டத்துக்குக் கைமாற்றிய 'துண்டு' முறை 1921-இல் ஒழிக்கப்பட்டது. ஆள் திரட்டி அழைத்துவரும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கலாகாது என்று 1923-ஆம் வருஷத்துச் சட்டம் விதித்து, அதற்கெனத் தோட்டக்காரர்களிடம் பணம் வாங்கி ஒரு நிதியும் ஏற்படுத்தியது.

அவர்களில் ஏராளமானோர் இராமேசுவரக் கரையிலிருந்து கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி ரயில் ஏறியவர்கள். அந்த இருப்புப் பாதை 1990-இல் போரினால் நின்றுபோய் 2015-இல் மறுபடியும் திறக்கப்பட்டது. இப்போது தலைமன்னார் ஜன்னலில் காசை வைத்தால் சீட்டும் மிகுதிப் பணமும் கைக்கு வருகின்றன.