அப்பாவின்ர பேரில இன்சூரன்ஸ், ஓடினது நான்



இந்த வார எபிசோடில் காருக்குள்ள பூட்டுற பிளாக் பாக்ஸ் பற்றிக் கதைச்சோம். இடையில் "நானும் ஒருக்கா இன்சூரன்ஸில மாட்டினனான்" என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டேன். அது என்ன கதை என்று கேட்டு நிறைய மெசேஜ். சரி, எழுதியே விடுகிறேன். இது பிரிட்டனில் கார் ஓடுறவர்களுக்கு; மற்ற நாட்டு ஆக்கள் கதைக்காக வாசியுங்கோ.

2016. எனக்கு 19 வயது, லெஸ்டரில் யூனி. என் பேரில் இன்சூரன்ஸ் விலை கேட்டால், காரின் விலையைவிடக் கூடச் சொன்னார்கள். அப்பா சொன்னார்: "என்ர பேரில போடுவம். உன்னை ரெண்டாவது டிரைவரா சேர்ப்பம். எல்லாரும் அப்பிடித்தானே செய்யினம்." அவருக்கு அது பொய்யாகவே படவில்லை. கார் வாங்கினது அவர், காசு கட்டுறதும் அவர். பிறகென்ன?

ஆனால் ஃபோர்மில் கேட்கிற கேள்வி யார் காசு கட்டுறது என்றில்லை. 'மெயின் டிரைவர் யார்?', அதாவது, யார் கூட ஓடுறது? கார் நின்றது லெஸ்டரில், அப்பா இருந்தது ஹரோவில். இதுக்குப் பேர் 'ஃபிரண்டிங்'. இங்கே அது மோசடிக் கணக்கில் வரும்.

ஒரு மழை நாள், ரவுண்டபவுட்டில் முன்னுக்கு நின்ற காரில் கொண்டுபோய் இடித்தேன். ஒருத்தருக்கும் காயமில்லை. கம்பெனிக்கு போன் பண்ணினால், "இரவில் கார் எங்கே நிற்கும்?" என்று சாதாரணமாகக் கேட்டார்கள். நானும் யூனி ரோட்டின் பேரைச் சொன்னேன். ரெண்டு கிழமையில் அப்பாவுக்குக் கடிதம் வந்தது: பாலிசி செல்லாது.

2012இல் வந்த நுகர்வோர் இன்சூரன்ஸ் சட்டம் பிழையான பதிலை ரெண்டு விதமாகப் பார்க்கும். கவனயீனத்தால் வந்த பிழை என்றால், கட்டின காசின் விகிதத்துக்குக் கிளெய்ம் கிடைக்கலாம். 2,400 பவுண்ஸ் கட்ட வேண்டிய இடத்தில் 1,200 கட்டியிருந்தால், கிளெய்மிலும் பாதி. தெரிந்தே சொன்ன பொய் என்றால் பாலிசியையே இல்லாமல் செய்யலாம், கட்டின காசையும் பொதுவாகத் திருப்பித் தரத் தேவையில்லை. எங்களுடையது ரெண்டாவது. மற்றவரின் காருக்கு அவர்கள் காசு கொடுத்தார்கள், அது சட்டக் கடமை. பிறகு அந்த பில்லை அப்பாவுக்கு அனுப்பினார்கள், அதற்கும் சட்டம் இடம் கொடுக்கிறது. நாலாயிரத்துச் சொச்சம். அப்பா மாதம் மாதம் கட்டி முடித்தார்.

காசைவிடக் கரைச்சல் வேறொன்று. 'உங்கள் பாலிசியை யாராவது ரத்துச் செய்தது உண்டா?' என்று புதுக் கம்பெனிகள் கேட்பார்கள். இருபது வருஷம் ஒரு கிளெய்மும் இல்லாமல் ஓடின மனுசன். அவருக்காக அந்த ஃபோர்மை நிரப்பி 'ஆம்' என்று அழுத்துறது நான்தான்.

பிளாக் பாக்ஸ் இருந்திருந்தால் கேள்வியே தேவைப்பட்டிருக்காது. அது வேகத்தை மட்டும்தான் பார்க்கும் என்று நினைக்கிறோம். ஜிபிஎஸ் இருக்கிறதால் கார் எந்த நேரம் எங்கே நிற்கிறது, எப்படி பிரேக் பிடிக்கிறோம், எப்படித் திருப்புறோம் எல்லாம் பதியும். நேர்மையாக ஓடினால் அதே டேட்டா எங்களுக்கும் சாட்சி.

அடுத்த பெரிய தப்பு: "என்னட்டை ஃபுல்லி கொம்ப் இருக்கு, மாமாவின்ர காரையும் ஓடலாம்." கலியாண வீட்டில் ஆக்களை ஏத்தி இறக்கக் கேட்பார்கள், மறுக்கவும் ஏலாது. ஆனால் அந்த வசதி எல்லாப் பாலிசியிலும் இல்லை. 25 வயசுக்குக் கீழே பொதுவாகத் தரவே மாட்டார்கள். இருந்தாலும் மற்றவருக்கு வாற சேதத்துக்குத்தான், மாமாவின் காருக்கு இல்லை. சர்டிபிகேட்டில் எழுதியிருக்கும், பாருங்கோ. ரோட்டில் இருக்கிற கமரா நம்பர் பிளேட்டை வாசித்து இன்சூரன்ஸ் டேட்டாபேஸோடு ஒப்பிடும். ஆனால் அது பச்சை காட்டுவது மாமாவின் பாலிசிக்கு, உங்களுக்கு இல்லை. மறித்துக் கேட்டால்தான் தெரியும். பிடிபட்டால் 300 பவுண்ஸ், 6 பொயின்ட்ஸ். லைசென்ஸ் எடுத்து ரெண்டு வருஷத்துக்குள் 6 பொயின்ட்ஸ் வந்தால் லைசென்ஸே போய்விடும். தியரியில் இருந்து திரும்பத் தொடங்க வேணும்.

சிவப்புக் காருக்குக் காசு கூட என்பது சும்மா கதை. தேர்ட் பார்ட்டி எப்போதும் மலிவு என்பதும் பிழை; பல நேரம் ஃபுல்லி கொம்ப்தான் குறைவு, ரெண்டையும் போட்டுப் பாருங்கோ. பின்னேரத்தில் சாப்பாடு டெலிவரி செய்யிறவர்கள் மட்டும் கொஞ்சம் நில்லுங்கோ: சாதாரணப் பாலிசி அதுக்குச் செல்லாது, தனிக் கவர் வேணும்.

காசைக் குறைக்க நேர்மையான வழியும் இருக்கு. உங்கள் பேரிலேயே பாலிசி எடுத்து, அம்மாவோ அப்பாவோ உண்மையில் இடைக்கிடை ஓடுவதாக இருந்தால் அவர்களை ரெண்டாவது டிரைவராகச் சேருங்கோ. ஏலுமென்றால் வருஷக் காசை ஒரேயடியாகக் கட்டுங்கோ, மாதத் தவணைக்கு வட்டி இருக்கும். முடியும் திகதிக்கு மூன்று கிழமைக்கு முன்னமே விலை தேடத் தொடங்குங்கோ.

இப்ப அப்பாவின் பேரில் பாலிசி வைத்துக்கொண்டு இதை வாசிக்கிறீர்கள் என்றால், கம்பெனிக்கு இண்டைக்கே போன் எடுத்து மெயின் டிரைவரை மாத்தச் சொல்லுங்கோ. காசு கூடத்தான் வரும்.