காற்று பட்டால் எரு

2022 ஏப்ரல் கடைசியில் சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. நாள் கணக்கில் தண்ணீர் அடித்தும் லேசில் அடங்கவில்லை. இதுபோன்ற கிடங்குத் தீக்கு பிளாஸ்டிக்கும் துணியும் மட்டும் காரணமில்லை. நம் சமையலறையிலிருந்து போகும் வாழைக்காய்த் தோலுக்கும் கீரைத்தண்டுக்கும் மிஞ்சிய சோற்றுக்கும் அதில் பங்குண்டு. ஈரச் சோறு எப்படி எரியும்? சோறு எரிவதில்லை, அதிலிருந்து பிறக்கும் மீத்தேன் வாயு எரிகிறது.

1776-இல் இத்தாலியில், மஜ்ஜோரே ஏரிக்கரைச் சகதியைக் கோலால் கிளறிய அலெசாந்த்ரோ வோல்ட்டா, மேலே வந்த குமிழிகளைக் குப்பியில் பிடித்து நெருப்பைக் காட்டினார். பற்றிக்கொண்டது. பின்னாளில் மின்கலத்தைக் கண்டுபிடித்த அதே வோல்ட்டாதான். அந்த வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் எவ்வளவு பழைய குடி என்பது இன்னும் 200 ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது. அவை பாக்டீரியாவே இல்லை, உயிர்களின் தனிக் கிளை என்று 1977-இல் கார்ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் காட்டினார்கள். ஆக்சிஜன் அவற்றுக்கு நஞ்சு. மாட்டின் வயிறு, தண்ணீர் கட்டிய நெல்வயல், குப்பைமேட்டின் அடிவயிறு என்று காற்றுப் புகாத இடங்களே அவற்றின் வீடு.

எனக்கு இதில் பெரிய வியப்பு ஆற்றல் கணக்குதான். அழுகும் பொருளில் உள்ள சர்க்கரையை, காற்று இருந்தால் பாக்டீரியாக்கள் கரியமில வாயுவாகவும் நீராகவும் முழுதாகச் சிதைத்துவிடும். வெளிவரும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகிறது. காற்று இல்லையென்றால் வேலை அரைகுறையாக நின்றுவிடும். சர்க்கரையில் இருந்த ஆற்றலில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு செலவாகாமல் மீத்தேனுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சாண எரிவாயு அடுப்பில் சோறு பொங்குவது அந்த மிச்சத்தால்தான். கிடங்கில் அதைப் பிடித்து வைக்க ஆளில்லை. எரியாமல் காற்றில் கலந்தாலோ, எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 100 ஆண்டுக் கணக்கில் சுமார் 28 மடங்கு, 20 ஆண்டுக் கணக்கில் சுமார் 80 மடங்கு பூமியைச் சூடேற்றும்.

காற்றோட்டமுள்ள எருக்குவியலைக் கிட்டே போய்ப் பாருங்கள். மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி உயரம். பச்சைக் கழிவும் சருகும் மாறி மாறி அடுக்கியது. ஓரிரு நாளில் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும். கையை உள்ளே வைத்திருக்க முடியாது, விடியற்காலையில் கிளறினால் ஆவி பறக்கும். அடுப்பும் இல்லை, வெயிலும் இல்லை. அத்தனையும் பாக்டீரியாக்களின் மூச்சுச் சூடு. சாதாரண பாக்டீரியாக்கள் தாம் உண்டாக்கிய சூட்டிலேயே மடிய, சூட்டை விரும்பும் இனங்கள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. நோய்க்கிருமிகளும் பெரும்பாலான களைவிதைகளும் அதில் அழிந்துபோகும். தீனி தீர்ந்து குவியல் ஆறியதும், மரத்தன்மையுள்ள நாரைச் சிதைக்கப் பூஞ்சைகள் வருகின்றன. முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனமும் கூடவே வரும். அந்த வாசனை எழுந்தால் எரு தயார்.

மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு மூன்றடிக் குவியல் ஆகாத காரியம். பக்கவாட்டில் துளை போட்ட ஒரு வாளியோ மண்தொட்டியோ போதும். சிறிய அளவு என்பதால் சூடு வெளியேறிவிடும், வெதுவெதுப்போடு நின்றுவிடும். இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், அவ்வளவுதான். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகோ தென்னை நார்க்கழிவோ போடவேண்டும். கழிவில் நைட்ரஜன் அதிகம், சருகில் கார்பன் அதிகம். நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 25, 30 பங்கு இருந்தால் நுண்ணுயிர்களுக்குச் சரியான சாப்பாடு. காற்று புக இடைவெளி தருவதும் சருகுதான். தொடங்கிவைக்கப் புளித்த மோர் கொஞ்சம், அல்லது பழைய எரு ஒரு கை. வாரத்துக்கு ஒருமுறை கிளறுங்கள்.

கோளாறு வந்தால் மூக்கே சொல்லிவிடும். கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடி வந்தால் சருகு போதவில்லை. அழுகின முட்டை நாற்றமென்றால் காற்று போதவில்லை. கிளறிவிட்டு, மேலே சருகு போடவேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். மிஞ்சிய சோற்றை எருவாக்குவதைவிட மிஞ்சாமல் வடிப்பதுதான் பெரிய காரியம். தண்ணீர் கட்டிய வயலில் அந்த நெல் விளைந்தபோதே மீத்தேன் ஒருமுறை வெளியேறிவிட்டது. அந்தச் சோற்றைக் குப்பையில் கொட்டினால் கிடங்கில் இன்னொரு முறை வெளியேறும்.

மீத்தேன் காற்றில் தங்குவது சுமார் 12 ஆண்டுகள்தான். கரியமில வாயுவோ நூற்றாண்டுகள் தங்கும். ஆகவே இன்று குறைக்கிற மீத்தேனின் பலனை இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் தங்கள் இளமையிலேயே காணலாம். வாசலில் கூட்டிக் குவித்த சருகைக் கொளுத்தாதீர்கள். ஒரு சாக்கில் கட்டி வையுங்கள், வாளிக்கு வேண்டும்.