கார்ப்பரேட்டரை மாற்றினால் வண்டி மலை ஏறுமா?

தர்மபுரியிலிருந்து வத்தல்மலைக்குப் போகிற பாதை. ஒரு பழைய மொபெட் முக்கி முனகிக்கொண்டு ஏறுகிறது. முன்னால் கணவர். பின்னால் மனைவி. இருவருக்கும் நடுவில் ஒரு ராகி மூட்டை.

நாலைந்து கொண்டை ஊசி வளைவுகள் வரை வண்டி ஒழுங்காக வருகிறது. பிறகு 'பட்... பட்...' என்று இருமுகிறது. கறுப்புப் புகையைக் கக்குகிறது. நின்றுவிடுகிறது!

மனைவி இறங்கித் தள்ளுகிறார். கணவர் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார்.

இப்படித் தள்ளிக்கொண்டு போகிற ஒருவருக்கு யோசனை சொல்ல நாலு பேர் வருவார்கள். அவர்களில் ஒருவர் நிச்சயம் இதைச் சொல்வார்:

"அண்ணே, கார்ப்பரேட்டரை மாத்துங்க. வெளிக்கடையிலே பெரிய சைஸ் கிடைக்குது. மாட்டிப் பாருங்க, வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்!"

பிய்த்துக்கொண்டு போகுமா? அல்லது கையில் இருந்த காசுதான் போகுமா?

மலையும் மொபெட்டும்

தர்மபுரி மாவட்டம் 1965-ல் பிறந்தது. அதற்கு முன் அது சேலம் மாவட்டத்தோடு இருந்தது. மலையும் காடும் நிறைந்த மாவட்டம். வத்தல்மலை, சித்தேரி மலை, கோட்டூர் மலை என்று எங்கே திரும்பினாலும் மேடுதான். 2021 சட்டமன்றத் தேர்தலின்போது, கோட்டூர் மலைக்கு ஓட்டுப்பதிவு எந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிப் போயின என்றால், பாதையின் அழகைப் பார்த்துக்கொள்ளுங்கள்!

இப்படிப்பட்ட ஊர்களில் ஏழைகளுக்குக் கழுதையும் குதிரையும் கட்டை வண்டியும் ஆகி நிற்பது மொபெட்.

அந்த மொபெட் பிறந்ததும் பக்கத்து ஊரில்தான். 1980-ல் ஓசூரில் இருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய மொபெட் என்று பெயர் வாங்கியது. ஓசூர் அப்போது தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது அதோடு போய்விட்டது.

ரோடில்லாத இடத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது வெளிநாட்டில் ஒரு பந்தயம். 1948-ல் இத்தாலியில் நடந்த ஆறு நாள் கரடுமுரடுப் பந்தயத்தில் பிரிட்டிஷ் அணிக்காக ஓடித் தங்கப் பதக்கம் பெற்றது என்பீல்டு புல்லட். அதே புல்லட் பிறகு சென்னைக்குப் பக்கத்தில் திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தது. அங்கே பந்தயம்; இங்கே பிழைப்பு. மேடு என்னவோ ஒன்றுதான்.

பூக்காரி சொல்லிக்கொடுத்த பாடம்

கார்ப்பரேட்டர் என்பது என்ன? எஞ்சினுக்குச் சமையல்காரர். பெட்ரோலையும் காற்றையும் சரியான பக்குவத்தில் கலந்து உள்ளே அனுப்புகிறவர்.

இதைப் பற்றி ஒரு கதை உண்டு. ஐரோப்பாவில் ஹங்கேரி என்று ஒரு நாடு. அதன் தலைநகர் புடாபெஸ்ட். அங்கே தொனாத் பாங்கி, யானோஸ் சொங்கா என்று இரண்டு பொறியாளர்கள். ஒருநாள் தெருவில் ஒரு பூக்காரியைப் பார்த்தார்களாம். அவள் வாடிய பூக்கள் மேல் தண்ணீரை ஊதித் தெளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பனித்துளி போலப் பறந்தது. "பெட்ரோலையும் இப்படித் தெளித்தால் என்ன?" என்று அவர்களுக்குத் தோன்றியதாம். 1893-ல் அவர்கள் கார்ப்பரேட்டருக்குக் காப்புரிமை கேட்டார்கள். பூக்காரி கதை நடந்ததோ இல்லையோ, வேலை அதேதான்.

கார்ப்பரேட்டருக்கு நடுவில் ஒரு குழாய். எஞ்சின் உறிஞ்சும்போது அதன் வழியே காற்று வேகமாக ஓடும். அந்த வேகத்தில் கீழே கிண்ணத்தில் இருக்கிற பெட்ரோல் மேலே இழுக்கப்பட்டுத் தூவானமாகச் சிதறும். பெட்ரோல் வருகிற மிகச் சிறிய துளைக்குப் பெயர் ஜெட். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும்.

மேலே போனால் காற்று இளைக்கும்

மலை மேல் காற்று மெல்லியது. சுமார் 1000 மீட்டர் உயரத்தில், கடற்கரையில் இருப்பதைப் போலப் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான் கிடைக்கும். வத்தல்மலை ஏறக்குறைய அந்த உயரம்.

ஜெட் துளைக்கு இது தெரியாது. கீழே ஊற்றின மாதிரியே மேலேயும் பெட்ரோலை ஊற்றும். காற்று குறைவு; பெட்ரோல் அதிகம். அரிசி குறைந்து தண்ணீர் கூடினால் சோறு குழைந்துவிடும் அல்லவா? அதே கதைதான். கறுப்புப் புகை வரும். இழுப்புக் குறையும். பிளக்கில் கரி பிடிக்கும்.

தர்மபுரி நகரமே உயரமான இடம். அங்கிருந்து வத்தல்மலைக்கு ஏறும்போது காற்றில் குறைவது சுமார் 20-ல் ஒரு பங்குதான். இது மட்டும் நல்ல வண்டியை நிறுத்திவிடாது. தூசி அடைத்த ஏர் ஃபில்டர், தேய்ந்துபோன ஊசி, பழைய பிளக், முதுகில் மூட்டை - எல்லாம் சேர்ந்துகொண்டால்தான் வண்டி நிற்கும். ஆகவே, கடைக்கு ஓடுவதற்கு முன் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. பாதி வண்டிகள் அதிலேயே குணமாகிவிடும்.

பெரிய வாய், சின்ன இழுப்பு

ஃபில்டர், பிளக் எல்லாம் சரி. கார்ப்பரேட்டர்தான் தேய்ந்துவிட்டது. புதிது வாங்கித்தான் ஆகவேண்டும். எந்த அளவு வாங்குவது?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெரிய குழாய் வைத்தால் பெரிய பலம் என்று நினைக்கிறார்கள்.

வாய்க்கால் தண்ணீரைப் பாருங்கள். குறுகலான இடத்தில் விரைந்து ஓடுகிறது. அகலமான இடத்தில் சோம்பி நிற்கிறது. காற்றும் அப்படியே. பெரிய குழாயில், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, காற்று சோம்பி நகரும். பெட்ரோலை மேலே இழுக்க அதற்கு வலுவிருக்காது. ஆக்சிலேட்டரைத் திருகினால் எஞ்சின் ஒரு நொடி திகைத்துப் பிறகுதான் எழும்.

சமவெளிச் சாலையில் இந்த ஒரு நொடி பெரிதல்ல. கொண்டை ஊசி வளைவில்? வேகமே இல்லை. பின்னால் மனைவி. அந்த நொடியில் வண்டி பின்னால் உருளும்!

பழைய 350 சி.சி. புல்லட்டுக்கு 24 மில்லிமீட்டர் குழாயுள்ள கார்ப்பரேட்டர். 500 சி.சி. புல்லட்டுக்குத்தான் 28. சிலர் 500-க்கு உரியதை 350-ல் மாட்டிப் பார்ப்பது உண்டு. நீண்ட நேர்ச்சாலையில் வேகமாகப் போகிறவர்களுக்கு அது பிடிக்கலாம். மெதுவாக மேடு ஏறுகிறவர்களுக்கு வேண்டியது பழைய அளவுதான்.

சோதனை இப்படி

புதிதாக மாட்டியதை ஒர்க்ஷாப் வாசலில் முறுக்கிப் பார்த்துவிட்டு "ஓகே" என்று சொல்வது சோதனை ஆகாது. எந்த மேட்டில் வண்டி உழைக்கப்போகிறதோ, அந்த மேட்டில் பார்க்கவேண்டும்.

ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு டேப் ஒட்டுங்கள். கால், அரை, முழு என்று கோடு போடுங்கள். கால் திருப்பு வரை பைலட் ஜெட்டின் ஆட்சி. நடுவில் ஊசியின் ஆட்சி. முழுத் திருப்பில் மெயின் ஜெட். எந்தக் கோட்டில் வண்டி இருமுகிறது என்று பார்த்தால், குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

அடுத்து பிளக். மேட்டில் முழுத் திருப்பில் சிறிது தூரம் ஏற்றி, உடனே எஞ்சினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்க்கவேண்டும். (சூடாக இருக்கும், கை ஜாக்கிரதை!) காபிப்பொடி நிறம் என்றால் பக்குவம் சரி. கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை.

கறுப்பைவிட வெள்ளை மோசம். கறுப்பு காசைத் தின்னும். வெள்ளை எஞ்சினையே தின்னும்! பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றுகிற பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். பிஸ்டன் சூடேறி இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

பெரிய கார்ப்பரேட்டர்களில் ஊசியின் தலையில் சில வெட்டுகள் இருக்கும். அதில் உள்ள கிளிப்பை மேல் வெட்டுக்கு மாற்றினால் ஊசி இறங்கும், பெட்ரோல் குறையும். கீழ் வெட்டுக்கு மாற்றினால் கூடும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். ஜெட்டையும் ஊசியையும் ஒரே நாளில் மாற்றினால், எது குணம் தந்தது, எது கெடுத்தது என்று அந்தக் கார்ப்பரேட்டருக்கே தெரியாது.

இன்னொன்று. கிண்ணத்துக்குள் ஒரு மிதவை இருக்கிறது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறதே, அதைப் போல. வண்டி செங்குத்தாகச் சாயும்போதும் பாறையில் குதிக்கும்போதும் பெட்ரோல் ஒரு பக்கமாக ஓடும். மிதவையின் மட்டம் தவறியிருந்தால் பெட்ரோல் வழியும், அல்லது வராமலே நிற்கும். சமதரையில் தங்கம் போல ஓடிய வண்டி மலையில் மக்கர் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உயிர் காக்கும் சோதனை

ஏறுவதைவிட முக்கியம் இறங்குவது.

புதிய கார்ப்பரேட்டரை மாட்டும்போது கேபிள் இறுகிவிட்டால், ஹேண்டில் பாரைத் திருப்பியவுடன் ஆக்சிலேட்டர் தானாக ஏறும். ஸ்லைடு சரியாக உட்காராவிட்டால் மேலேயே மாட்டிக்கொள்ளும். இறக்கத்தில், வளைவில், ஒரு பக்கம் பள்ளம் இருக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

சோதனைக்கு அரை நிமிடம் போதும். வண்டியை நிறுத்தி வைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். ஹேண்டில் பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்புங்கள். சத்தம் ஏறக்கூடாது. பிடியைத் திருகி விட்டால் 'டக்' என்று தன் இடத்துக்கு வரவேண்டும். இது தேறாத வண்டியை மலைக்கு ஓட்டக்கூடாது.

கார்ப்பரேட்டரோடு திறந்த வலை ஃபில்டரையும் மாட்டச் சொல்வார்கள். பார்க்க ஜோர்! ஆனால் மண் பாதையின் புழுதி நேரே உள்ளே போய் பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். பழைய ஃபில்டர் பெட்டியே மேல்.

2020 ஏப்ரல் முதல் புதிய மாசுக் கட்டுப்பாடு வந்தது. அதன்பின் வந்த பெரும்பாலான புது வண்டிகளில் கார்ப்பரேட்டர் இல்லை. மொபெட்டிலும் இல்லை. காற்றின் அளவைக் கணக்கிட்டுப் பெட்ரோலைப் பீய்ச்சுகிற கருவி வந்துவிட்டது. மலையில் இன்னும் ஓடுகிற பழைய வண்டிகளுக்குத்தான் இந்தக் கவலையெல்லாம்.

மலை உச்சிக்கு ஏற்றபடி பெட்ரோலைக் குறைத்து வைத்தவர்கள் ஒன்றை மறந்துவிடக்கூடாது. அதே வண்டியில் சேலத்துக்குப் போனால் காற்று கனத்துவிடும், பிளக் வெளுக்கும். ஆகவே கழற்றிய பழைய ஜெட்டைத் தூக்கி எறியாமல், துணியில் சுற்றி, டூல்ஸ் பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.