கணினி அறியாத அலைவுகாட்டி

ஆய்வுகூட அலுமாரிகளிலே ‘பழுது’ என்னும் சீட்டு ஒட்டப்பெற்று உறங்கும் கருவிகள் பல. அவற்றுட் சில உண்மையிற் பழுதுற்றவை அல்ல. அத்தகைய கருவியொன்று மீண்ட வரலாற்றையும் அதனால் நாம் கற்ற முறையையும் இம்மலர் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம். தமிழாசிரியர்க்கு இதில் என்ன அலுவல் என வினவுவோர் இறுதிவரை படித்தருள்வாராக.

நாவிதன்வெளிப் பகுதிப் பாடசாலையொன்றின் பௌதிகவியல் ஆய்வுகூடத்துக்குப் பழைய மாணவர் ஒருவர் அன்பளித்த சிறிய அலைவுகாட்டி அது. 1897ஆம் ஆண்டிலே செருமானிய அறிஞர் பிறவுண் கதோட்டுக் கதிர்க் குழாயை ஆக்கினார். அக்குழாயைத் திரையாகக் கொண்ட அலைவுகாட்டிகளே நெடுங்காலம் வழங்கின. இக்காலச் சிறு கருவிக்கோ தனித்திரை இல்லை. அது மின்னழுத்தத்தை அளந்து, எண்களாக்கி, யூ.எஸ்.பி. வடத்தின் வழியே கணினிக்கு அனுப்பும், கணினியே திரையாகும். ஆதலின், கணினி அதனை அறியாதுவிடின் கருவி இருந்தும் இல்லாததே.

ஆய்வுகூடத்துக்குப் புதிய கணினி வந்த பின்னர் இக்கருவி இயங்க மறுத்தது. கருவியின் விளக்கு எரிந்தது. கணினியோ யாதும் உணர்ந்திலது. மாரி வெள்ளம் கிட்டங்கித் தாம்போதியை மூடியிருந்தமையால் கல்முனைக்குக் கொண்டுசென்று காட்டவும் வழியில்லை. உயர்தர மாணவர்க்கு அலைவடிவத்தைக் காட்ட இருந்த கருவி அஃதொன்றே. ஆகவே, பௌதிகவியல் ஆசிரியரும் மாணவர் சிலரும் நாமுமாக ஆராயத் தொடங்கினோம்.

‘கணினி அறியவில்லை’ என்பது ஒரு வாக்கியமே. ஆயினும் அதனுள் வெவ்வேறு குறைகள் மறைந்துள்ளன. கருவியைக் கணினி அறிதல் படிப்படியாக நிகழ்வது. முதற்கண் 5 வோல்ற்று மின் கருவிக்குச் செல்லும். அடுத்து, கருவி தன் தரவுக் கம்பிகளுள் ஒன்றின் மின்னழுத்தத்தை உயர்த்தித் தன் வருகையை உணர்த்தும். பின்னர், கணினி வினவ, கருவி தன்னைப் பற்றிய 18 பைற்றுக் குறிப்பை அளிக்கும். ஆக்கியோன் எண், பொருளெண் என்னும் இரண்டும் அக்குறிப்பில் அடங்கும். அவையே கருவியின் பெயர் போன்றவை. இறுதியில் அப்பெயருக்குரிய ‘டிரைவர்’ மென்பொருளைக் கணினி தேடிப் பொருத்தும்.

யூ.எஸ்.பி. வடத்தில் அடிப்படையாக நான்கு கம்பிகள் உண்டு. இரண்டு மின்னுக்கு, இரண்டு தரவுக்கு. கைத்தொலைபேசிக்கு மின்னேற்றவென்றே விற்கப்படும் வடங்கள் சிலவற்றில் தரவுக் கம்பிகள் இல்லை. எமது கருவியில் யாரோ அத்தகைய வடத்தை மாட்டியிருந்தனர். விளக்கு எரிந்ததும் கணினி உணராதிருந்ததும் அதனாலேயே. நல்ல வடத்தை மாட்டினோம். உடனே ‘டிவைஸ் மனேஜர்’ பட்டியலில் கருவி தோன்றியது. ஆயினும் மஞ்சட் குறியும் 28 என்னும் எண்ணும் அதனருகே நின்றன.

அவ்வெண்களைக் கற்றுக்கொள்ளல் நன்று. 28 எனின் டிரைவர் நிறுவப்படவில்லை. 52 எனின் டிரைவரின் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. 43 எனின் கருவியோடு நடந்த உரையாடல் முறிந்தது. வடம், பொருத்துவாய், மின்வலு என்பவற்றை முதலில் ஐயுறுக. கிளைப்பெட்டியை நீக்கிக் கணினியிலேயே நேரே பொருத்துக.

இவ்வகைக் கருவிகள் பலவற்றுக்கு வேறோர் இயல்பும் உண்டு. சைப்பிரசு நிறுவனத்தின் எப்.எக்ஸ்.2 சில்லைக் கொண்டவை, தமக்குரிய செயல்நிரலை நிலையாகத் தம்மிடம் வைத்திருப்பதில்லை. பொருத்துந்தோறும் கணினியே அதனை ஊட்டும். ஊட்டப்பெற்றதும் கருவி தானே விலகி, வேறு பெயரோடு மீளவும் தோன்றும். இரு பெயர்க்கும் டிரைவர் அமைந்தாலன்றி அது இயங்காது. பழைய கணினியில் இயங்கியது புதியதில் மயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயர் ஒன்று கெட்டால் நல்ல கருவியும் முடங்கும் என்பதற்கு உலகறிந்த சான்றுண்டு. 2014ஆம் ஆண்டிலே எப்.டி.டி.ஐ. நிறுவனம் வெளியிட்ட டிரைவர், போலிச் சில்லுகளின் பொருளெண்ணைச் சுழியமாக்கியது. அவற்றைக் கொண்ட கருவிகளைக் கணினிகள் அறியாதொழிந்தன. எதிர்ப்பு எழவே அந்த டிரைவர் விலக்கப்பட்டது. எண்ணைத் திருத்தி எழுதியோர் தம் கருவிகளை மீட்டனர்.

எமது கருவிக்குப் புதிய விண்டோசுக்கு ஏற்ற டிரைவரை நிறுவினோம். அதன் சோதனை முனையிலிருந்து 1 கிலோஹேட்ஸ் சதுர அலை திரையில் எழுந்தபோது மாணவர் ஆரவாரித்தனர். ஆக்கியோர் கைவிட்ட கருவிகளுட் சிலவற்றுக்கு ‘சிக்ரொக்’ போன்ற கட்டற்ற மென்பொருள்கள் உதவும். மிகை மின்னழுத்தத்தால் எரிந்த கருவிக்கோ இவ்வழிகள் பயன்படா.

நோயையும் அதன் முதலையும் நாடுக என வள்ளுவர் மருத்துவர்க்கு உரைத்த நெறி இங்கும் பொருந்தும். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக: முதலில் வடம், பின்னர் பொருத்துவாய், பின்னர் கணினி. ‘இயங்கவில்லை’ என்ற ஒரு சொல்லோடு நில்லாது, எப்படியில் நின்றது எனச் சொல்லப் பழகுக. சொல்லைத் திருத்துதல் தமிழாசிரியர் கடனாதலின் இக்கட்டுரை எழுந்தது.

பழைய மாணவ அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கருவி அன்பளிக்குங்கால் அதற்குரிய வடத்தையும் டிரைவரையும், அதனை நிறுவும் முறையைத் தமிழில் எழுதிய ஒரு தாளையும் உடன் அனுப்பியருளுக. அத்தாள் இன்மையாலன்றோ எமது கருவி ‘பழுது’ எனப் பெயர் பெற்றது!