சோக்கை இழு, ஸ்கோரைக் கேள்

வெயில்தான் சேலத்துக்குப் பழக்கம். மார்கழி விடியலில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே இங்கே மப்ளர் காதைச் சுற்றிவிடும். பனி கொட்டும் ஊர்க்காரர் பார்த்தால் சிரிப்பார். ஆனால் மப்ளர் கட்டியவரைவிட அதிகமாக அந்தக் குளிரை உணர்வது, அவர் வாசலில் தார்ப்பாய்க்குள் நிற்கும் பழைய அம்பாசடர்.

குளிரில் பெட்ரோல் சட்டென ஆவியாகாது. கார்புரேட்டரிலிருந்து போகும் கலவையில் காற்று மிஞ்சி எரிபொருள் குறைந்துவிடும். தீப்பொறி பட்டும் பற்றாது. அதற்குத்தான் சோக். அதை இழுத்தால் கலவையில் பெட்ரோலின் பங்கு கூடும். எஞ்சின் சூடானதும் உள்ளே தள்ளிவிட வேண்டும், மறந்தால் கரும்புகைதான். போதாக்குறைக்கு எஞ்சின் ஆயிலும் இறுகிக் கிடக்கும், பேட்டரியும் சோம்பும். நாலு முறை உறுமி அடங்கினால் எதிர்வீட்டிலிருந்து, "ஏனுங்கண்ணா, தள்ளி விடட்டுங்களா?" என்ற குரல் வந்துவிடும். பழைய கார் வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

வண்டி சூடேறும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் கிரிக்கெட் ஸ்கோர். ஆஸ்திரேலியாவில் இந்தியா ஆடினால் நமக்கு விடியலிலேயே ஆட்டம் தொடங்கிவிடும். 2021 ஜனவரி 15 மாட்டுப் பொங்கல். மாட்டைக் குளிப்பாட்ட வேண்டிய நேரத்தில் சேலம் மாவட்டம் டிவி முன் உட்கார்ந்திருந்தது. பிரிஸ்பேனில் இந்த மாவட்டத்துப் பந்துவீச்சாளர், சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு அன்று முதல் டெஸ்ட். செஞ்சுரி அடித்த லாபுஷேனையும், அவரோடு 100 ரன்னுக்கு மேல் சேர்த்த வேடையும் அவரே வெளியேற்றினார்.

இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில் ஆடியவர் அவர். 2015 ஜனவரியில் ரஞ்சியில் இறங்கியதுமே பந்து வீசும் முறை மீது சந்தேகம் கிளம்பியது. அதை மாற்றிக்கொண்டு மீண்டு வந்தார். வலைப்பயிற்சியில் பந்து போடத்தான் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியராகத் திரும்பினார். ஊரில் சாரட் வண்டியில் ஊர்வலம். ஆனந்த் மஹிந்திரா ஒரு தார் ஜீப்பைப் பரிசளித்தார். அந்த டெஸ்டில் போட்ட சட்டையில் கையெழுத்திட்டு நடராஜன் பதிலுக்கு அனுப்பினார். பழைய வண்டிக்காரர்களுக்குத் தார் பச்சைக் குழந்தைதான். ஆனாலும் அதன் முகத்தில் அந்தக் காலத்து வில்லிஸ் ஜீப்பின் சாடை இருப்பதால் மன்னித்துவிடுகிறார்கள்.

அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றது. பிரீமியர் பத்மினி அதற்கும் வெகுமுன்பே போய்விட்டது. மட்கார்டு துருப்பிடித்தால் புதிது வாங்கக் கடை இல்லை, தகட்டைத் தட்டித்தான் உருவாக்க வேண்டும். அந்த வகையில் இந்தப் பக்கத்து ரசிகர் கொடுத்து வைத்தவர். லாரிக்கு பாடி கட்டுவதற்கே பேர்போன நாமக்கல் பக்கத்தில் இருக்கிறது. டிங்கரிங், லேத், வெல்டிங், பெயின்ட் என்று எந்தக் கைக்கும் அங்கே பஞ்சமில்லை. லாரிக்கும் காருக்கும் பழைய உறவும் உண்டு. லேலண்ட் லாரி என்று இந்த வட்டாரம் ஓட்டித் தள்ளுகிறதே, அந்த நிறுவனம் 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் பிறந்தது. எண்ணூரில் அது முதலில் பூட்டி இறக்கியது லாரியை அல்ல, ஆஸ்டின் ஏ40 காரை!

சட்டம் மட்டும் எல்லாப் பழசையும் மதிப்பதில்லை. 50 வயதைத் தாண்டிய வண்டிக்கு 2021இல் மத்திய அரசு தனி விதி வகுத்தது. பதிவு எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். கண்காட்சிக்கும் ராலிக்கும் ஓட்டலாம், அன்றாட வேலைக்குக் கூடாது. சேஸி, பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. செலவுக்குப் பயந்து டீசல் எஞ்சின் மாற்றிய அம்பாசடர்கள் இங்கேதான் அடிபடுகின்றன. அரை நூற்றாண்டு ஓடியும் அவை அரசாங்கக் கணக்கில் 'வின்டேஜ்' ஆகாது.

குளிர்காலத்தில் ஒரு லாபம் உண்டு. சித்திரையில் ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறுவதற்குள் ரேடியேட்டர் கொதித்துவிடும். தையில் அதே வண்டி முனகாமல் ஏறும். துணிந்தவர்கள் கொல்லிமலைக்கே விடுகிறார்கள். அங்கே வளைவு 70. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் அத்தனையையும் வளைத்து மேலே சேர்ந்தவருக்குத் தோள்பட்டை கழன்றிருக்கும். இறங்கி பானெட்டைத் திறந்து வைக்கிறார். டீ சொல்கிறார். பிறகு போனை எடுத்து, விக்கெட் எத்தனை என்று பார்க்கிறார்.