பார்ட்டிஷனின் எந்த ஓரம் நகர்கிறது?

ஹார்டு டிஸ்க்கில் சி, டி என்று காணும் பிரிவுகளுக்கு இடையே சுவர் எதுவும் கிடையாது. எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது என்ற எண்கள் டிஸ்க்கின் தொடக்கத்தில் ஓர் அட்டவணையாக எழுதப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். பழைய எம்.பி.ஆர். முறையில் இந்த அட்டவணை வெறும் 64 பைட். நான்கு முதன்மைப் பகுதிகளுக்கே அதில் இடம் உண்டு. இன்றைய ஜி.பி.டி. முறை வழக்கமாக 128 பகுதிகளுக்கு இடம் தருகிறது. அட்டவணையின் நகல் ஒன்றையும் டிஸ்க்கின் கடைசியில் வைத்துக்கொள்கிறது.

ஒவ்வொரு பகுதியின் எல்லைக்குள்ளும் என்.டி.எஃப்.எஸ்., இ.எக்ஸ்.டி.4 போன்ற கோப்பு முறைமை தனிக் கணக்கு வைத்திருக்கிறது. பகுதியைச் சுருக்கும்போது முதலில் கோப்பு முறைமை சுருங்க வேண்டும், பிறகே எல்லை. விரிக்கும்போது எல்லை முதலில். மென்பொருள்கள் இந்த வரிசையைத் தாமே காக்கின்றன. லினக்ஸில் கட்டளைகளைத் தட்டிச் செய்பவர் இதில் தவறினால், கோப்புகள் எல்லைக்கு வெளியே போய்விடும்.

ஆபத்தின் அளவு, எந்த ஓரம் நகர்கிறது என்பதைப் பொறுத்தது. கடைசி ஓரத்தை விரிப்பது சில நொடி வேலை. தொடக்க ஓரம் நகர்ந்தால் பகுதியில் உள்ள தரவு முழுவதையும் வேறிடத்துக்கு எழுத வேண்டும். நூற்றுக்கணக்கான ஜி.பி. என்றால் பல மணி நேரம் ஆகும். நடுவில் மின்சாரம் போனால் பாதித் தரவு பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலும் நிற்கும்.

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கடைசி ஓரத்தை மட்டுமே தொடும். பலரும் திகைப்பது இங்கேதான். சி-க்கு இடம் வேண்டி டி-யைச் சுருக்குகிறார்கள். காலியிடமோ டி-க்குப் பின்னால் கிடைக்கிறது. சி-யை விரிக்கும் கட்டளை மங்கிக் கிடக்கிறது. டி-யில் உள்ளதை வெளி டிஸ்க்குக்கு மாற்றி, டி-யை அழித்து, சி-யை விரித்து, மீதியில் டி-யை மறுபடி உருவாக்குவது ஒரு வழி. ஜிபார்ட்டெட் போன்ற மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து இயக்கி டி-யை நகர்த்துவது இன்னொன்று. முதல் வழியே மேல்; நகல் எடுத்த பிறகுதான் அதைத் தொடங்கவே முடியும். சி-க்கும் டி-க்கும் நடுவே மீட்புப் பகுதி ஒன்று குறுக்கே இருந்தால், அதை விவரம் தெரியாமல் அழிக்கக் கூடாது.

டிஸ்க்கில் 100 ஜி.பி. காலியாக இருந்தும் சில ஜி.பி. மட்டுமே சுருக்க முடியும் என்று விண்டோஸ் சொல்வதுண்டு. பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் கோப்பு, ரீஸ்டோர் பாயின்ட் ஆகியவை கடைசிப் பக்கம் நகராமல் உட்கார்ந்திருப்பதே காரணம். அவற்றைத் தற்காலிகமாக அணைத்தால் பெரும்பாலும் வழி பிறக்கும்.

தொடங்குமுன் பேக்கப் வேறொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும்; அதே டிஸ்க்கின் டி-யில் வைத்த நகல் பேக்கப் ஆகாது. பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவியைத் தனியே எழுதிக்கொள்ள வேண்டும். செக் டிஸ்க்கால் பிழைகளைத் திருத்த வேண்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்தி, விண்டோஸை முழுமையாக மூடிய பிறகே ஜிபார்ட்டெட்டைப் பென் டிரைவிலிருந்து இயக்க வேண்டும். மேசைக் கணினிக்கு யு.பி.எஸ்., மடிக்கணினிக்குச் சார்ஜர் அவசியம்.

லினக்ஸில் இ.எக்ஸ்.டி.4 பயன்பாட்டில் இருக்கும்போதே விரியும். சுருக்க வேண்டுமானால் அன்மவுன்ட் செய்தாக வேண்டும்.

வேலை பாதியில் நின்று பகுதி காணாமல் போனால், அந்த டிஸ்க்கில் எதையும் எழுதக் கூடாது. ஃபார்மட் செய்யச் சொல்லிக் கணினி கேட்டாலும் மறுக்க வேண்டும். அட்டவணை மட்டும் கெட்டிருந்தால், டெஸ்ட் டிஸ்க் என்ற இலவச மென்பொருள் பழைய எல்லைகளைத் தேடி மீட்டுத் தர வாய்ப்புண்டு. தரவே பாதி நகர்ந்திருந்தால் அதனால் பெரிதாக உதவ முடியாது. பேக்கப்பிலிருந்துதான் மீட்க வேண்டியிருக்கும்.